மூன்று மாடியும் வாய்மூடிய கதை

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். சொன்னவர் யாராக இருந்தாலும் நீராவி குடியிருந்த கட்டிடத்தைப் பார்த்திருக்க மாட்டார். மூன்று மாடி, பன்னிரண்டு வீடு, நடுவில் ஒரே ஒரு படிக்கட்டு. கீழ்வீட்டில் ஒருவர் தும்மினால் மேல்வீட்டில் ஒருவர் "நூறு" என்பார். யார் வீட்டில் யாருக்குக் கோபம், யார் மாப்பிள்ளைக்குக் குறட்டை, எல்லாம் சுவர் தாண்டி வந்துவிடும். அப்படிப்பட்ட கட்டிடம் தினமும் மாலை ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை வாயைப் பொத்திக்கொண்டு இருந்தது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இரண்டு வருடம்.

நீராவி என்பது ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர். பன்னிரண்டாம் வகுப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்த கையோடு அப்பா நோயில் படுத்துவிட, ஒரு மாதத்துக்கு என்று அந்த வேலைக்குப் போனவள், அங்கேயே நாற்பதை எட்டிவிட்டாள். வார்டு வார்டாக மூட்டை கட்டி வரும் படுக்கை விரிப்புகளைப் பிரிப்பது, துவைப்பது, பிழிவது, இஸ்திரி போடும் கொதிக்கும் உருளைக்குள் இந்தப் பக்கம் இருவர் விட அந்தப் பக்கம் இருவர் வாங்கி மடிப்பது. கூடம் முழுக்கப் புகை மாதிரி ஆவி. அவளும் அதே மாதிரிதான். சட்டென்று கொதிப்பாள், கொதித்த வேகத்தில் ஆறியும் விடுவாள். பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டிலும் தெருவிலும்கூட அதுவே நிலைத்தது. பெயின்டர் வேலை பார்க்கும் அவள் கணவர் மட்டும் கொஞ்ச நாள் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். அவள் திரும்பியே பார்க்காததால் அவரும் கைவிட்டார்.

சலவைக்கூடத்தை ஒட்டி ரத்தப் பரிசோதனைக் கூடம். நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல். அதன் வழியே, சின்னச் சின்னக் குழாய்களில் ரத்தத்தை வைத்து ஓர் இயந்திரத்தில் சுற்றவிடுவதைப் பார்ப்பாள். சுற்றி முடிந்ததும் சிவப்பு கீழேயும் தெளிவான நீர் மேலேயுமாகப் பிரிந்து நிற்கும்.

"நம்ம பிழியற மிஷினோட குட்டிதான் அது," என்று பக்கத்தில் நின்ற தோழியிடம் சொன்னாள். "நாம துணியில இருந்து தண்ணியப் பிரிக்கிறோம். அவங்க ரத்தத்துல இருந்து பிரிக்கிறாங்க."

"அப்போ அங்க போய் வேலை கேளேன்."

"கேட்டா என்ன?"

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அந்தக் கேள்வி நாக்கிலிருந்து இறங்கி நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

ஆஸ்பத்திரி ஊழியர் சங்கம் ஒரு கல்வி உதவித்தொகை நடத்தியது. வருடத்துக்கு ஒரு ஊழியருக்குப் பரிசோதனைக்கூடப் பட்டயப் படிப்பு. செலவு முழுக்கச் சங்கத்துடையது. காலையில் கல்லூரி, மதியத்துக்கு மேல் வேலை, சம்பளத்தில் பிடித்தம் கிடையாது. ஒரே ஒரு கண்டிப்பு: ஏதாவது ஒரு பாடத்தில் தவறினால் ஒரே ஒரு முறைதான் மறுபடி எழுதலாம். அதிலும் தவறினால் உதவி அதோடு நின்றுவிடும். இதை நடத்திய ஓய்வுபெற்ற தலைமைச் செவிலியை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்பார்கள். நீராவியைத் தேர்ந்தெடுத்த அன்று அவர் கேட்டது ஒன்றுதான்.

"படிக்கறதுக்கு வீட்ல கொஞ்சம் அமைதி இருக்குமாம்மா?"

நீராவிக்குச் சிரிப்பு வந்தது. "இருக்கும் சிஸ்டர்," என்றாள். வாயில் வந்த முதல் பொய் அது.

அன்று மாலை விஷயம் படிக்கட்டில் பரவியது. பரப்பியது ஒலிபெருக்கி அக்கா. மொத்தக் காய்கறிச் சந்தையில் ஏலம் கூவுவது அக்காவின் தொழில். மைக் இல்லாமல் சந்தையின் நாலு மூலைக்கும் தக்காளி விலை சொல்லும் தொண்டை. கீழ்த்தளத்தில் முதல் வீடு. அதனால் கட்டிடத்துக்குள் நுழைவதும் வெளியேறுவதும் அக்காவின் கண்ணைத் தாண்டி நடக்காது.

"அமைதி இருக்குமான்னா கேட்டாங்க?" அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "சும்மா குடுக்கறவன் எவன்டி இருக்கான்? நான் சந்தையில பாக்காததா? மூட்டையக் குடுத்துட்டு எட போட ஆள் அனுப்புவான். இங்கயும் ஒரு நாள் சொல்லாம கொள்ளாம ஆள் வரும். வந்து காத வச்சுக் கேக்கும்."

"அப்படியெல்லாம் யாரும் வர மாட்டாங்க அக்கா."

"நீ படிக்கற வேலையப் பாரு. இத நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள். ஏழு முதல் ஒன்பது வரை டிவி கூடாது, மிக்ஸி கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, குக்கர் ஏழுக்கு முன்னால் கூவி முடித்துவிட வேண்டும். எதிர்த்துப் பேசினவர்களிடம் அக்கா தன் முழுக் குரலில் நியாயம் கேட்டாள். அதைக் கேட்பதற்கு அமைதியே மேல் என்று எல்லோரும் முடிவுக்கு வந்தார்கள்.

முதல் வாரமே ஒருவன் மாட்டினான். பார்சல் கொடுக்க வந்தவன் அவன். ஏழே காலுக்குப் படியேறினான். பேனாவும் கையுமாக ஒருவன், சட்டைப்பையில் அடையாள அட்டை வேறு. ஆள் வந்துவிட்டது என்று அக்கா முடிவு கட்டினாள். உதட்டில் விரலை வைத்து அவனைக் குறிப்பாகப் பார்த்தாள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை எட்டிப் பார்த்தது, ஒவ்வொரு தலையும் உதட்டில் விரல் வைத்துப் புன்னகை செய்தது. ஒரு வீட்டில் பேசாமல் நாற்காலி போட்டார்கள். இன்னொரு வீட்டில் பேசாமல் தண்ணீர் கொடுத்தார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பையன் பார்சலை இரண்டாவது மாடிப் படியில் வைத்துவிட்டு, வந்த வழியே, வந்ததைவிட வேகமாகப் போய்விட்டான்.

"நல்ல மனுஷன்," என்றாள் அக்கா ஒன்பது மணிக்கு. "திருப்தியாத்தான் போனான்."

கொஞ்ச நாளில் அந்த அமைதி தன் இஷ்டத்துக்கு வேலை செய்ய ஆரம்பித்தது.

நீராவியின் எதிர்வீட்டில் ஒரு எலக்ட்ரீஷியனும் அவன் மனைவியும். அவனுக்கு மின்னல், அவளுக்கு இடி என்று பெயர், ஏனென்றால் முதலில் அவன் ஒன்று சொல்வான், பிறகு அவள் சொல்வது ஊருக்கே கேட்கும். அவர்கள் சண்டைக்கு உகந்த நேரம் ஏழரை. இப்போது வாய் திறக்க முடியாது. சண்டையை எழுதிக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஒரு நாள் மின்னல் பழைய கணக்கையெல்லாம் கிளறி ஆவேசமாக எழுதிக்கொண்டிருந்தபோது பேனா மை தீர்ந்துவிட்டது. இடி எழுந்து போய் நான்கு இழுப்பறையைத் தேடி வேறு பேனா கொண்டுவந்து கொடுத்தாள். தன்னைத் திட்டுவதற்காகத் தானே பேனா தேடித் தந்திருக்கிறாள் என்பது அவள் கையைவிட்டுப் பேனா போன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. சத்தம் போட்டுச் சிரிக்கவும் முடியாது. தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தார்களாம். அதன்பிறகு இடிக்கு எழுதுவது பிடித்துப்போய்விட்டது. தபாலில் நடத்தும் பட்டப்படிப்பு ஒன்றில் சேர்ந்துவிட்டாள்.

விடியற்காலை முதல் பஸ்ஸை எடுக்கும் டிரைவர் மூன்றாவது மாடி. இத்தனை காலம் பத்து மணிக்கு மேல்தான் அவருக்குத் தூக்கம் வரும். இப்போது ஏழரைக்கே குழந்தை மாதிரி உறங்கினார். அவர் பஸ்ஸில் போகிறவர்கள், அண்ணன் இப்போதெல்லாம் பிரேக்கைப் பூப்போல மிதிக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

பிள்ளைகளுக்கு டிவியும் இல்லை, பேச்சும் இல்லை. போர் அடித்துப்போய், நீராவியின் மகளோடு சேர்ந்து, புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தன. மின்னல் ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒரு விளக்கு போட்டுக் கொடுத்தான். பக்கத்துக் கட்டிடத்துப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தன. படிக்கொரு பிள்ளை. மேலே போக வேண்டியவர்கள் ஓரமாகக் கால் வைத்து, கொக்கு மாதிரி நடந்து போனார்கள்.

எல்லாவற்றையும்விட அதிசயம் அக்காவின் தொண்டை. வருடக்கணக்காக மாலையானால் கரகரத்து, சில நாள் ரத்தமே வரும். தினமும் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள் என்று மூன்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அக்கா மூன்று பேரிடமும் கத்திவிட்டு வந்திருந்தாள். இப்போது நீராவிக்காக என்று வாய்மூடி இருந்ததில், தொண்டை இருபது வயதுக் குரலுக்குத் திரும்பிவிட்டது.

இவை எதுவும் நீராவிக்கு முழுதாகத் தெரியாது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். வெளியே பன்னிரண்டு வீடு தனக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். முதலில் அது பெருமையாக இருந்தது. பிறகு கடன் மாதிரி ஆனது. கடைசித் தேர்வு நெருங்க நெருங்கப் பாறாங்கல் மாதிரி முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

எல்லாப் பாடத்திலும் தேறியவள் கடைசி ஒன்றில், உயிர்வேதியியலில், தவறிப்போனாள்.

முடிவு கல்லூரி வாசலில் கைபேசியில் வந்தது. படித்துவிட்டுச் சலவைக்கூடத்துக்குப் போய், அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசாமல் விரிப்பு மடித்தாள். வேலை முடிந்து பெரிய சிஸ்டரைப் போய்ப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு மாசத்துல மறுதேர்வு," என்றார் சிஸ்டர். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளை இன்னும் சுருக்கியது. "ஆனா அதுவரைக்கும் முழு நேர வேலைதாம்மா, அரைநாள் தர முடியாது. அடுத்து வார்டு துடைக்கிற பொண்ணு ஒண்ணு பேர் குடுத்துருக்கு, அவளுக்கும் உன் வயசுதான். சங்கத்துல சில பேர், இந்த வயசுல இவங்க படிச்சு என்ன ஆகப்போவுதுன்னு கேக்கறாங்க. நீ தேறினாத்தான் அவளுக்கும் குடுக்கச் சொல்லி நான் அவங்களுக்குப் பதில் சொல்ல முடியும்."

ஆக முதுகில் இருந்த கல்லோடு இன்னொரு பெண்ணும் ஏறிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தவள் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. ஏழு மணிக்கு வழக்கம்போலக் கட்டிடம் அடங்கியது. அவளும் வழக்கம்போலப் புத்தகத்தை விரித்தாள். எழுத்து எதுவும் கண்ணில் ஏறவில்லை. மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும். விசித்திரம் என்னவென்றால், ஒருத்தரும் "ரிசல்ட் வந்துருச்சா?" என்று கேட்கவில்லை. படியில் எதிர்ப்பட்டால் வானிலையைப் பற்றிப் பேசினார்கள். இடி அவளைக் கண்டால் கதவைச் சாத்திக்கொண்டாள். விஷயம் தெரிந்துபோய்விட்டது, மனசு நோகக்கூடாதென்று பேசாமல் இருக்கிறார்கள் என்று நீராவி நினைத்துக்கொண்டாள். அதை நினைக்க நினைக்க இன்னும் தாங்கவில்லை.

கணவர்தான் பிடித்தார்.

"ஒரு வாரமா ஒரே பக்கத்தப் பாத்துக்கிட்டு இருக்கியே. அதுல என்ன, புதையல் வழி போட்டுருக்கா?" அவர் கிசுகிசுத்தார், மணி ஏழரைதான் ஆகியிருந்தது.

அவளும் கிசுகிசுத்தாள். கிசுகிசுத்துக்கொண்டே அழுதாள். "ஃபெயிலாயிட்டேங்க."

அவர் விரலில் காய்ந்திருந்த பெயின்டைச் சுரண்டினார். பிறகு சொன்னார்: "சுவத்துக்கு மொத கோட்டு அடிச்சுட்டுத் தள்ளி நின்னு பாத்தா, அடிக்காமயே விட்டுருக்கலாமோன்னுதான் தோணும். ரெண்டாவது கோட்டுலதான் சுவரே சுவராகும். அதுக்குப் போயி அழுவாங்களா?"

"எனக்காக அழல. ரெண்டு வருஷமா பன்னெண்டு வீடும் வாயக் கட்டிக்கிட்டு இருக்கு. ஒரு டிவி பாத்தாங்களா, ஒரு பாட்டுக் கேட்டாங்களா? எல்லாம் வீணுன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய்ச் சொல்வேன்?"

"இருக்கற மூஞ்சிய வச்சுக்கிட்டுத்தான். வேற மூஞ்சிக்கு எங்க போறது?"

அவள் அழுகையோடு அவரை ஒரு குத்து குத்தினாள். ஆனால் அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு ஒன்பது மணிக்காகக் காத்திருந்தாள்.

ஒன்பது அடித்தால் அந்தக் கட்டிடம் எப்படி இருக்கும் என்றால், மூடி திறந்த சோடா பாட்டில் மாதிரி இருக்கும். பன்னிரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் கதவு திறந்து, தொண்டை செருமி, டிவி பேசி, குழாய் திறந்து, பிள்ளைகள் கூச்சல் போட்டு எழுந்துவிடும். அந்தச் சத்தத்துக்கு நடுவே நீராவி படிக்கட்டுத் திருப்பத்தில் வந்து நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. நான் ஃபெயிலாயிட்டேன்."

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒன்பது மணிக்கு மேல் அங்கே அமைதி உண்டாயிற்று. மேலும் கீழும் தலைகள் எட்டிப் பார்த்தன.

மூன்றாவது மாடியிலிருந்து, சத்தத்தில் பாதித் தூக்கம் கலைந்து எழுந்து வந்த டிரைவரின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"அப்பாடா!"

நீராவி நிமிர்ந்து பார்த்தாள். டிரைவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"என்ன அண்ணே சொன்னீங்க?"

"இல்லம்மா... அது வந்து..."

"நான் சொல்றேன்," என்று இடி வெளியே வந்தாள். அவள் முகம் குங்குமமாய்ச் சிவந்திருந்தது. "அக்கா, நீங்க பாஸாயிட்டா இந்த ஏழு மணி அமைதி போயிடுமேன்னு எல்லாருக்கும் ஒரே கவலை. எனக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி இருக்கு. டிவி ஓடுனா நான் எங்க போயி படிப்பேன்? அதான் ரிசல்ட்டப் பத்திக் கேக்கவே பயமா இருந்துச்சு. உங்க மூஞ்சியப் பாத்தா எனக்குப் பொய் வராது, அதான் கதவச் சாத்திக்கிட்டேன்."

"எனக்கு மட்டும் என்ன?" என்றார் டிரைவர் தைரியம் வந்து. "இந்தத் தூக்கம் என் கல்யாணத்துக்கு முன்னாடிகூட நான் தூங்குனதில்ல."

"என் பையன் இப்பத்தான் கணக்குல தேறியிருக்கான்," என்றது ஒரு குரல்.

"ஒரு நா, இவ பாஸான சேதி தெரிஞ்சா இவகிட்டயே சொல்ல வேணாம், மறைச்சுருவோம்னு அக்காதான் சொன்னாங்க," என்று மின்னல் போட்டுக் கொடுத்தான்.

"டேய்!" என்றாள் ஒலிபெருக்கி அக்கா கீழிருந்து.

நீராவிக்குக் வழக்கப்படி கொதித்தது. "நல்லா இருக்கே நியாயம்! நான் இங்க ஒரு வாரமா ஒரு வாய் சோறு எறங்காம, உங்களுக்கெல்லாம் துரோகம் பண்ணிட்டேன்னு உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டு இருக்கேன். நீங்க என்னடான்னா நான் எங்க பாஸாயிடுவேனோன்னு பயந்துக்கிட்டு இருந்தீங்களா? மனுஷங்களா நீங்கல்லாம்?"

சொல்லி முடிப்பதற்குள்ளேயே சிரிப்பு வந்துவிட்டது. அவள் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு மாடி மாடியாக ஏறி இறங்கியது. இவ்வளவு நாள் தூக்கிச் சுமந்த கல்லை எந்தப் படியில் போட்டோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

அக்கா மூச்சிரைக்க மேலே ஏறி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இங்க பாருடி. ஆரம்பிச்சது உனக்காகத்தான், இல்லேங்கல. ஆனா இப்போ அது எங்க சொத்து. நீ பாஸானாலும் ஃபெயிலானாலும் ஏழு மணின்னா ஏழு மணி. அதனால எங்களுக்காகப் படிக்காத, உனக்காகப் படி. சரி, எதுல கோட்ட விட்டே?"

"எண்ணுதான் அக்கா. ரத்தத்துல எது எவ்வளவு இருக்கணும்னு ஒரு அளவு இருக்கு. கீழ எவ்வளவு, மேல எவ்வளவுன்னு. ஒண்ணு ரெண்டா இருந்தாப் பரவாயில்ல. ஒண்ணோட எண்ண இன்னொண்ணுக்கு எழுதிட்டு வந்துடறேன்."

"இவ்வளவுதானா?" அக்கா உட்கார்ந்த இடத்திலேயே முதுகை நிமிர்த்தினாள். "கீழ் விலை, மேல் விலை. இதத்தானடி நான் தெனம் கூவறேன். நாப்பது காயி, காலையில ஒரு விலை, மதியம் ஒரு விலை. எனக்கு எப்பவாவது மாறிப் பாத்துருக்கியா? கண்ணால படிச்சா நிக்காது. வாயால கூவணும். சொல்லு, மொத காயி என்ன?"

"காயா? சோடியம்."

"கீழ் விலை?"

"நூத்தி முப்பத்தஞ்சு. மேல நூத்தி நாப்பத்தஞ்சு."

அக்கா எழுந்து நின்றாள். இரண்டு வருட ஓய்வில் பளபளவென்று தேறியிருந்த தொண்டையைத் திறந்தாள். "சோடியம் நூத்தி முப்பத்தஞ்சேய்ய்! முப்பத்தஞ்சுக்குக் கீழ கேக்காதே! நாப்பத்தஞ்சு வரைக்கும் போலாம், நாப்பத்தஞ்சத் தாண்டுனா வீட்டுக்குப் போயிரு!"

தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

அன்றிலிருந்து ஏழு முதல் ஒன்பது வரை அமைதி, ஒன்பது முதல் ஒன்பதரை வரை ஏலம். நீராவி பொருளைச் சொல்ல வேண்டும், அக்கா தப்பு விலையில் ஆரம்பிப்பாள், நீராவி குறுக்கிட்டுச் சரியான விலையைக் கூவ வேண்டும். "பொட்டாசியம் ரெண்டு!" என்பாள் அக்கா. "மூணரைக்குக் கீழ கிடையாது!" என்று கத்துவாள் நீராவி. "எட்டு!" என்று டிரைவர் மேலிருந்து ஏலம் கேட்பார். "அஞ்சுக்கு மேல போனா நெஞ்சு நின்னுரும் அண்ணே!" என்று பதில் போகும். பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கேட்டன. மின்னல் வேண்டுமென்றே அபத்தமான விலை கேட்பான், இடி அவனைத் திருத்துவாள்; இப்போது அவர்கள் சண்டைக்கு அதுதான் வடிகால். சலவைக்கூடத்தில் உருளைக்கு இந்தப் பக்கம் நின்று நீராவி விரிப்பை விட, அந்தப் பக்கம் வாங்கும் தோழி ஒவ்வொரு விரிப்புக்கும் ஓர் அளவு கேட்டாள். தப்பாகச் சொன்னால் விரிப்பைத் திருப்பி அனுப்பினாள்.

நடுவில் ஒரு நாள் டிரைவர் மேலேயிருந்து ஏலத்தை நிறுத்தினார்.

"இரு இரு. சர்க்கரை வெறும் வயித்துல எவ்வளவுன்னீங்க?"

"எழுபதுலேருந்து நூறு வரைக்கும் அண்ணே."

"நூத்தி அறுபது போகாதா?"

"ஏலத்துலயா?"

"இல்ல. போன மாசம் டிப்போவுல எல்லாருக்கும் ரத்தம் எடுத்தாங்க. எனக்கு அதான் போட்டுருந்துச்சு. நம்பர் பெருசா இருக்கே, நல்லதுதான் போலன்னு பீரோவுல வச்சுட்டேன்."

மறுநாள் காலையில் அக்காவே அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக டாக்டரிடம் அழைத்துப் போனாள். நல்ல வேளை, ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தாயிற்று என்றார் டாக்டர். அந்த வாரத்துக்குள் கட்டிடத்தில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் பீரோவில் இருந்த பழைய சீட்டுகளை எடுத்துக்கொண்டு ஒன்பது மணி ஏலத்துக்கு வந்துவிட்டார்கள். எண் ஒத்துவராதவர்களை, "நான் இன்னும் பாஸாகல, டாக்டரைப் போய்க் கேளுங்க," என்று நீராவி அனுப்பிவைத்தாள். மூன்று பேர் போனார்கள். ஒருத்தி ரத்தக்குறைவுக்கு மருந்தோடு வந்தாள். படியேறினால் மூச்சு வாங்குவது வயசினால் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தவள் அவள்.

மறுதேர்வு அன்று நீராவியின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்ததால் மேற்பார்வையாளர் இரண்டு தடவை பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். சத்தம் வெளியே வரவில்லை. ஆனால் அவள் காதுக்குள் சந்தை முழுசாகக் கூவிக்கொண்டிருந்தது.

முடிவு ஒரு மாலை வந்தது. வந்த நேரம்தான் வம்பு: ஏழு மணி தாண்டிவிட்டது.

படிக்கட்டில் உட்கார்ந்து கைபேசியைத் திறந்து மூடித் திறந்துகொண்டிருந்த நீராவியின் மகள்தான் முதலில் பார்த்தாள். துள்ளி எழுந்தாள். வாய் திறந்தது. பக்கத்துப் படியில் இருந்த வாண்டு அவள் வாயைப் பொத்தியது. அவள் இரண்டிரண்டு படியாகத் தாவி வீட்டுக்குள் ஓடி, அம்மாவின் முகத்துக்கு நேராகக் கைபேசியை நீட்டினாள்.

நீராவி ஒரு முறை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தாள். தேர்ச்சி. சாதாரணத் தேர்ச்சி இல்லை, மறுதேர்வு எழுதியவர்களிலேயே இரண்டாவது. கணவர் கையில் இருந்த கரண்டியை மெல்ல, சத்தம் வராமல், மேடையில் வைத்துவிட்டு அவளை அப்படியே தூக்கிவிட்டார். அவள் கத்தப் போனாள். அவர் தலையை ஆட்டிக் கடிகாரத்தைக் காட்டினார்.

அவள் வாசலுக்கு வந்து நின்றாள். படியில் இருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. நீராவி இரண்டு கட்டை விரலையும் தூக்கிக் காட்டினாள்.

பிறகு அந்தக் கட்டிடத்தில் நடந்ததை வெளியிலிருந்து கேட்டிருந்தால் ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் நினைத்திருப்பீர்கள். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற இடத்திலேயே குதித்தன. இடி நீராவியைக் கட்டிப்பிடித்துத் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். மின்னல் எல்லா மாடி விளக்கையும் அணைத்து அணைத்துப் போட்டான். டிரைவர் தூக்கக் கலக்கத்தோடு வந்து, என்ன என்று கையால் கேட்டு, தெரிந்துகொண்டதும் கைப்பிடிக் கம்பியையே ஸ்டியரிங்காகப் பிடித்து ஓட்டிக்கொண்டு மூன்று மாடி இறங்கினார். கைதட்டல் உள்ளங்கை படாமல் காற்றில் நடந்தது. நீராவி பெரிய சிஸ்டருக்குச் செய்தி அனுப்பினாள். உடனே பதில் வந்தது: "இப்பவே அடுத்த பொண்ணக் கூப்பிட்டு, உனக்குத்தான்னு சொல்லிடறேன்." அதையும் கை மாற்றிக் கை மாற்றி எல்லோரும் படித்தார்கள்.

பாவம், அக்காதான். செய்தி கீழே போன நிமிடத்திலிருந்து கன்னம் இரண்டும் உப்பி, கண் இரண்டும் பிதுங்கி, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு தன் வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். ஒருவர், பரவாயில்லை அக்கா, இன்றைக்கு ஒரு நாள் கத்திக்கொள்ளுங்கள் என்று சைகை காட்டினார். அக்கா அவரை முறைத்த முறைப்பில் அவர் வீட்டுக்குள் போய்விட்டார். சட்டம் சட்டம்தான்.

எட்டரைக்கு எல்லோரும் அக்காவின் வாசலை ஒட்டிய படிக்கட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நீராவியை நடுவில் உட்கார வைத்தார்கள். யாரும் பேசவில்லை. யாரும் படிக்கவும் இல்லை. எல்லாக் கண்ணும் அக்காவின் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தின் மேல். நீராவிக்கு அந்த அரை மணி நேரம் போகாமல் இருந்தால் தேவலை என்று இருந்தது.

முள் ஒன்பதைத் தொட்டது. அக்கா முந்தானையை எடுத்தாள். காலை அகட்டி ஊன்றி, சந்தையில் நிற்பதுபோல நின்று, ஒரு மூச்சை உள்ளே இழுத்தாள்.

"எங்க நீராவி பாஸேய்ய்ய்! ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!"

தெருக்கோடியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் யார் என்ன என்று தெரியாமலே கைதட்டினார்கள்.